பாதி அறை, முழு விழா: ரசிகர் கன்வென்ஷன் கேள்வி பதில்

ஒரே ரசனை உள்ளவர்கள் சில நாள் ஓரிடத்தில் கூடும் பெரிய ரசிகர் கன்வென்ஷன்களுக்குக் கையைக் கடிக்காமல் போய்வருவது எப்படி என்று கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. காமிக்ஸ், ஜப்பானிய அனிமேஷனான அனிமே, அறிவியல் புனைகதை, கேம்ஸ் என்று ஆளுக்கொரு பைத்தியம். ஆனால் பயம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். பகுதிநேர வேலையில் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். ஒரு பெரிய கன்வென்ஷனை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும். "உன் காசு டிக்கெட்டுக்கே சரியாப் போயிடும்" என்கிறார்கள் வீட்டில். கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

படுக்கையிலிருந்து தொடங்கும்மா.

நான்கு நாள் விழாவுக்கு நுழைவுக் கட்டணம் ஒருமுறைதான். தலை சாய்க்கும் இடத்துக்கு ஒவ்வொரு ராத்திரியும் கொடுக்க வேண்டும். விழா வாரத்தில் மண்டபத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல்கள் வாடகையை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிடும். டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக வழியில்லை. தங்குவதில் நிறைய இருக்கிறது. அதனால்தான் அதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

நீ போக நினைக்கும் விழா எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று முதலில் பார். எங்கே தங்குவது என்பதை அதுதான் முடிவு செய்யும். டோக்கியோவில் ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும் நடக்கும் காமிகெட், ரசிகர்களே காமிக்ஸ் போட்டு விற்கும் சந்தை, மாலைக்குள் முடிந்துவிடும். அங்கே போகிறவர் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில், வாடகை மலிவான பகுதியில் தங்கினாலும் எதையும் இழக்கப்போவதில்லை. அமெரிக்காவின் அட்லாண்டாவில் 1987 முதல் நடக்கும் டிராகன் கான் இதற்கு நேர்மாறு. அருகருகே உள்ள ஐந்து ஹோட்டல்களில் நடக்கிற விழா அது. நள்ளிரவு தாண்டியும் பேச்சும் பாட்டும் ஆட்டமும் ஓயாது. கதாபாத்திரங்களைப் போல வேஷமிட்டு காஸ்ப்ளே போடுகிறவர்கள் லாபியில் வந்து நிற்பதே இருட்டிய பிறகுதான். அங்கே தொலைவில் தங்கினால் விழாவில் பாதியை விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். அமெரிக்காவிலேயே இன்னொரு விழாவான சான் டியேகோ காமிக் கான் இரண்டுக்கும் நடுவில். கண்காட்சி அரங்கை ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மாலை ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள், ஆனால் படத் திரையிடலும் சனிக்கிழமை இரவு மாஸ்கரேட் உடைப் போட்டியும் அதற்குப் பிறகு நடக்கும். ஆகவே ஹோட்டலைத் தேடும்போது மண்டபத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்க்காதே. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார். அந்த ரயிலைத் தவறவிட்டு ஒரு இரவு டாக்ஸி பிடித்தால், தள்ளித் தங்கி மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

விழா நகரத்திலேயே தங்க வேண்டும் என்றும் இல்லை. இத்தாலியின் லூக்கா காமிக்ஸ் அண்ட் கேம்ஸ், பழைய மதில் சூழ்ந்த ஒரு சிறிய நகரத்தின் உள்ளே நடக்கிறது. ஊருக்குள் இருக்கும் அறைகள் சீக்கிரமே நிறைந்துவிடும். ரயிலில் அரை மணி நேரத்தில் பீசா. விவரம் தெரிந்தவர்கள் அங்கே தங்கிக்கொண்டு காலையில் ரயிலேறி வருவார்கள்.

அடுத்தது, எதை முதலில் முன்பதிவு செய்வது என்ற வரிசை. தேதியை அறிவித்த அன்றே, கட்டணம் பிடிக்காமல் ரத்துசெய்யக்கூடிய அறை ஒன்றைப் போட்டு வை. எந்தத் தேதி வரை ரத்துசெய்யலாம் என்பதைக் காலண்டரில் குறித்துக்கொள். பிறகு டிக்கெட். டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் விமானமோ ரயிலோ. பலர் மலிவாகக் கிடைத்தது என்று பணம் திரும்பாத பயணச்சீட்டை முதலில் வாங்கிவிட்டு, விழா டிக்கெட் கிடைக்காமல் தவிப்பார்கள். வெளிநாட்டு விழா என்றால் விசாவும் இந்த வரிசையில் பயணச்சீட்டுக்கு முன்னால் வர வேண்டும். விழா டிக்கெட் வைத்திருப்பதற்காக எந்தத் தூதரகமும் விசா கொடுத்துவிடாது.

நான் நோட்டில் ஒரு பக்கத்தை ஆறு கட்டமாகக் கோடு போட்டுக்கொள்வேன். இரவுகள், நுழைவு, ஊர் போய்ச் சேரும் பயணம், உள்ளூர்ப் போக்குவரத்து, சாப்பாடு, வாங்குவது. கட்டங்களுக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதுகிற தொகை விழாவில் செலவு செய்ய இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால், பயணம் ரத்தானால், வீடு திரும்ப வைத்திருக்கும் பணம் அது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது அங்கே இருக்க வேண்டும். ஆறு கட்டமும் நிரம்பிய பிறகு கோட்டுக்குக் கீழே எழுத எதுவும் மிஞ்சவில்லை என்றால், ஒரு நாளைக் குறைத்துவிடும்மா. மூன்று நாள் நிம்மதியாகப் பார்த்துவிட்டு வருவது, நான்காவது நாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

சான் டியேகோ டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறதாமே! யாரோ ஒருவர் தன் பேட்ஜை, அதாவது நுழைவு அட்டையை, விற்கிறேன் என்கிறார். வாங்கலாமா?

கூடாது. வாங்கவே வாங்காதீர்கள்.

சான் டியேகோ பேட்ஜில் பெயர் இருக்கும், அதைப் பிறருக்கு மாற்ற முடியாது. வாசலில் நிறுத்தினால் பேட்ஜும் போகும், பணமும் போகும், பயணமும் வீண். 1970இல் ஒரு ஹோட்டலில் சுமார் முந்நூறு பேரோடு தொடங்கிய விழா அது. இன்று ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். எல்லோருக்கும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் முயற்சி செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது.

முதலில் மெம்பர் ஐடி என்ற கணக்கை இலவசமாகத் தொடங்க வேண்டும். விற்பனை நாள் நெருங்கும்போது புதுக் கணக்குகளை நிறுத்திவிடுவார்கள், அதனால் போவோமா மாட்டோமா என்று யோசிக்கும் காலத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். விற்பனை நாளன்று இணையத்தில் ஒரு காத்திருப்பு அறை திறக்கும். அதற்குள் முதலில் நுழைந்தாலும் கடைசியில் நுழைந்தாலும் வித்தியாசமில்லை, கம்ப்யூட்டர் குலுக்கித்தான் ஆளை எடுக்கும். ஒருவர் தன்னையும் சேர்த்து மூன்று பேருக்கு வாங்கலாம். எனவே நண்பர்கள் அவரவர் கணக்கில் தனித்தனியாக உள்ளே இருக்க வேண்டும். யாருக்கு முதலில் கதவு திறக்கிறதோ அவர் மற்றவர்களுக்கும் வாங்கிவிடலாம். எல்லோருடைய ஐடியும் குடும்பப் பெயரும் ஒவ்வொருவர் கையிலும் எழுத்தில் இருக்கட்டும். அந்த நேரத்தில் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

நான்கு நாளுக்கும் கிடைக்கவில்லை என்றால் எந்த ஒரு நாள் கிடைத்தாலும் எடுங்கள். ஒருமுறை பேட்ஜ் வாங்கியவர்களுக்கு அடுத்த ஆண்டு, பொது விற்பனைக்கு முன்பே தனி விற்பனை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்ஜுக்கு அந்த மதிப்பும் சேர்ந்திருக்கிறது.

எல்லா விழாவும் இப்படி இல்லை. டிராகன் கானில் எவ்வளவு முன்னால் எடுக்கிறீர்களோ அவ்வளவு மலிவு, நாள் போகப்போகப் படிப்படியாக ஏற்றுவார்கள். அங்கே பெரிய பற்றாக்குறை ஹோட்டல் அறைக்குத்தான். அறிவியல் புனைகதைக்காரர்களின் வேர்ல்ட்கானும் அப்படித்தான், முன்னதாகச் சேர்ந்தால் குறைவு. 1939இல் நியூயார்க்கில் தொடங்கி, உலகப் போரால் நின்ற 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகள் தவிர, ஆண்டுக்கொரு ஊர் என்று சுற்றிவரும் விழா அது. எந்த ஊரில் என்பதை இரண்டு ஆண்டுக்கு முன்பே உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்துவிடுவார்கள். தவணையில் கட்டணம் கட்ட விடுகிற வேர்ல்ட்கான்களும் உண்டு. பணம் மெதுவாகச் சேர்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான பெரிய விழா எனக்குத் தெரிந்து இல்லை. உங்களுக்கு எட்டும் தூரத்துக்கு அது எப்போது வருகிறது என்று கண் வைத்திருங்கள்.

மேடம், என் மகள் ஒரு அனிமே விழாவுக்குப் போகிறாள். அறை வாடகையைக் குறைக்க வேறு மூன்று பெண்களோடு ஒரே அறையில் தங்கப் போகிறாளாம். அதில் ஒருத்தியை மட்டும்தான் நேரில் பார்த்திருக்கிறாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. விடலாமா?

உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் தடுக்காதீர்கள். கன்வென்ஷனில் அறையைப் பங்குபோட்டுக்கொள்வது ஊரறிந்த வழக்கம். வாடகை நாலில் ஒரு பங்காகக் குறைவதால்தான் பல பிள்ளைகளால் போகவே முடிகிறது. அறைத்தோழிகளைப் பற்றி நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மற்ற மூவரின் முழுப்பெயர், வீட்டுத் தொலைபேசி எண். புறப்படுவதற்கு முன் நால்வரும் முகம் பார்த்து ஒரு வீடியோ அழைப்பு. இதற்கு மனம் கோணுகிற பெண்ணோடு தங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

அறைக்கு எத்தனை பேர் என்று ஹோட்டல் ஒரு எண் வைத்திருக்கும். தீ விபத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. நாலு பேர் அறையில் ஏழு பேரை ஒளித்துவைத்துக் காசை மிச்சம் பிடிப்பதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். மாட்டினால் நடுராத்திரியில் எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். நால்வர் பெயரும் பதிவில் இருக்கட்டும். பதிவு ஒருத்தி பெயரில் மட்டும் இருந்தால், அவள் ரயில் தாமதமானால் மற்ற மூவரும் பெட்டியோடு லாபியில் உட்கார வேண்டியதுதான்.

பண விஷயத்தை முன்கூட்டியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நட்பில் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம், எழுதாத இடத்தில்தான் நட்பு கெடுகிறது. பங்குத் தொகை எந்தத் தேதிக்குள் வர வேண்டும், கடைசி நேரத்தில் ஒருத்தி வராவிட்டால் அவள் பங்கை யார் தருவது, அட்வான்ஸாகப் பிடிக்கும் பணம் யார் கார்டில். வராதவள் தன் இடத்துக்கு ஆள் பிடித்துத் தர வேண்டும் அல்லது பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்பதே சரி என்பது என் கருத்து. கட்டிலில் படுப்பவளுக்கும் தரையில் படுப்பவளுக்கும் ஒரே பங்கு என்பது அநியாயம். தரைக்குக் குறைத்துப் போடட்டும், அல்லது இரவுக்கு இரவு மாறிக்கொள்ளட்டும்.

ஒழுங்காக நடக்கும் அறையை உள்ளே நுழைந்ததுமே கண்டுபிடித்துவிடலாம். குளியலறைக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். யாருக்கு எத்தனை மணிக்குக் குளியல், யாருக்கு விக்கும் மேக்கப்பும் போட ஒன்றரை மணி நேரம் கண்ணாடி வேண்டும், முதலில் எழுகிறவள் யார், எல்லாம் அதில் இருக்கும். மேஜைமேல் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் நாலு சார்ஜர், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய டேப் துண்டு. இவ்வளவு செய்கிற பெண்கள் ஒருவரையொருவர் நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். மகளிடம் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு நிம்மதியாகத் தூங்குங்கள்.

கன்வென்ஷன் ரசிகர்களிடையே 6-2-1 என்று ஒரு விதி உண்டு. ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை சாப்பாடு, ஒரு குளியல். பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பிள்ளைகள் முதலில் கைவைப்பது சாப்பாட்டில்தான். அதில் மட்டும் அம்மாவாகக் கண்டிப்பாக இருங்கள். மண்டபத்துக்குள் எல்லாம் விலை கூடுதல். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலும் கொறிக்க ஏதாவதும் பையில் போட்டுக்கொண்டு, மாலையில் மண்டபத்திலிருந்து நாலு தெரு தள்ளிப் போய்ச் சாப்பிட்டால் உடம்பும் தாங்கும், பணமும் தாங்கும். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாமா என்பது மண்டபத்துக்கு மண்டபம் மாறும், அதை மட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஹால் எச்-க்கு ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கலாமா? வந்ததே அதற்குத்தானே!

வந்தது அதற்குத்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் நில்லுங்கள். ஹால் எச் என்பது சான் டியேகோவில் பெரிய படங்களின் டிரெய்லர்களைக் காட்டும், கிட்டத்தட்ட 6,500 பேர் உட்காரும் அரங்கு. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேரோடு வகுத்துப் பாருங்கள், இருபதில் ஒருவருக்குத்தான் இடம். மறுநாள் வரிசையில் இடம் உண்டு என்பதற்கு அடையாளமாக முந்தைய இரவே கைப்பட்டை கட்டுவார்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கைக் காலி செய்யச் சொல்வதில்லை, காலையில் உட்கார்ந்தவர் மாலை வரை அங்கேயே இருக்கலாம். அதனால் மாலை நிகழ்ச்சி வேண்டுமென்றால் காலையிலேயே உள்ளே இருந்தாக வேண்டும்.

இதில் செலவு என்ன என்கிறீர்களா? ஒரு நாளுக்கான பேட்ஜ், அந்த நாளுக்கான அறை வாடகை எல்லாம் அந்த ஒரு அரங்குக்குக் கொடுத்ததாகிறது. அதே நேரத்தில் மாடி அறைகளில், இருநூறு முந்நூறு பேர் உட்காரும் இடத்தில், நீங்கள் சிறு வயதில் படித்த ஓவியர் பென்சில் எப்படிப் பிடிப்பது என்று பேசிக்கொண்டிருப்பார். அங்கே பல சமயம் வரிசையே இருக்காது. கையை உயர்த்தினால் மைக் உங்களிடம் வரும். ஹால் எச் டிரெய்லர்களில் பல அன்றிரவே இணையத்துக்கு வந்துவிடும். அந்த ஓவியரின் பேச்சு பெரும்பாலும் வராது. நானாக இருந்தால் மாடிக்குத்தான் போவேன்.

என்னதான் திட்டம் போட்டாலும் உள்ளே போனதும் கை சும்மா இருப்பதில்லை. வாங்குவதை எப்படிக் கட்டுப்படுத்துவது? பேரம் பேசலாமா?

இரண்டு கேள்வி. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது எனக்கு மிக முக்கியம்.

பழைய இதழ்கள், பொம்மைகள் விற்கும் வியாபாரிகளிடம் தாராளமாகப் பேசுங்கள். கடைசி நாள் பிற்பகலில் அவர்களே இறங்கிவருவார்கள், திரும்பச் சுமந்துபோவதும் அவர்களுக்குச் செலவுதானே. ஓவியர்கள் மேஜை போட்டுத் தங்கள் படைப்புகளை விற்கும் ஆர்ட்டிஸ்ட் ஆலியில் மட்டும் ஒரு காசுகூடப் பேரம் பேசாதீர்கள். அந்த மேஜைக்கு அந்த ஓவியர் வாடகை கொடுத்திருக்கிறார். உங்களைப் போலவே பயணச்சீட்டும் அறையும் எடுத்திருக்கிறார், பிரிண்ட் அடிக்கக் கைக்காசு போட்டிருக்கிறார். நீங்கள் அறைக்கு ஆள் சேர்த்த மாதிரி அவரும் மேஜைக்கு ஆள் சேர்த்திருப்பார். உங்களிடம் குறைவாக இருந்தால் குறைவானதை வாங்குங்கள். ஒரு அஞ்சலட்டை, ஒரு ஸ்டிக்கர் போதும். அதுவும் முடியாவிட்டால் பெயர் அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, "ஊருக்குப் போய் ஆர்டர் செய்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

எனக்கு விழாவிலேயே பிடித்த இடம் அதுதான். ஒரு மேஜையில் கமிஷன் ஓவியம், அதாவது ஒருவர் கேட்டபடி காசுக்கு வரைந்து தரும் படம், போட்டுக்கொண்டிருந்தவர், பென்சில் கோட்டின் மேல் பிரஷ்ஷால் மை ஓட்டினார். கூந்தல் ஒன்றை ஒரே இழுப்பில் போட்டார். தொடக்கத்தில் மெல்லிசாக இருந்த கோடு நடுவில் பருத்து நுனியில் மறுபடி மெலிந்தது. மை காயும்வரை தாளின் மேல் மூச்சுகூடப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த நாங்களும் பேச்சை நிறுத்திவிட்டோம். இதைப் பார்க்கத் தனியாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. கமிஷன் வேண்டுமென்றால் முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள். விழா முடிவதற்குள் வரைந்து தரக்கூடிய எண்ணிக்கை வரைதான் ஒத்துக்கொள்வார்கள்.

இனி, கையைக் கட்டுப்படுத்துவது. வாங்கும் பணத்தை நாளுக்கொரு கவரில் ரொக்கமாகப் பிரித்துவிடுங்கள். மீதி எல்லாம் அறையில். முதல் நாள் பாதி நேரம் எதையும் வாங்காமல் அரங்கு முழுக்கச் சுற்றுங்கள். வரைபடத்தில் பிடித்த மேஜைகளின் எண்ணை மட்டும் வட்டமிடுங்கள். மதியத்துக்கு மேல் மறுபடி பார்க்கும்போது பாதி வட்டங்கள் மனதிலிருந்து தானாக நழுவியிருக்கும். காமிகெட் போகிறவர்கள் ரொக்கத்தைச் சில்லறையாக, நாணயங்களாகவே மாற்றிவைத்துக்கொள்ளுங்கள். அங்கே மேஜைக்குப் பின்னால் இருப்பவர்களும் உங்களைப் போன்ற ரசிகர்கள்தான். 1975இல் 32 குழுக்களோடு தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான். பெரிய நோட்டை நீட்டினால் அவர்களுக்கும் கஷ்டம், பின்னால் நிற்பவருக்கும் கஷ்டம்.

ஆட்டோகிராஃபும் ஃபோட்டோ ஆப்பும்தான் பெரிய ஓட்டை. பல விழாக்களில் நட்சத்திரங்களோடு படம் எடுத்துக்கொள்வதற்கும் கையெழுத்துக்கும் நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தனித்தனிக் கட்டணம். ஒரு ஆள், ஒரு கையெழுத்து அல்லது ஒரு படம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். அந்த நட்சத்திரம் வரமுடியாமல் போனால் ஃபோட்டோ ஆப் பணம் வழக்கமாகத் திரும்பும். நுழைவுக் கட்டணமும் அறை வாடகையும் திரும்பாது. ஆகவே ஒரே ஒருவரைப் பார்ப்பதற்காக மட்டும் பயணம் போடாதீர்கள். எழுத்தாளர்களிலும் காமிக்ஸ் ஓவியர்களிலும் பலர் இலவசமாகவோ, அவர்களிடம் ஒன்று வாங்கினாலோ கையெழுத்திடுவார்கள்.

பெட்டியில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டுப் போங்கள். ஒரு கெட்டி அட்டை ஃபைல், ஒரு அட்டைக் குழல் இரண்டையும் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். அங்கே வாங்கினால் பிரிண்ட்டைவிடக் குழல் விலை கூடப் போய்விடும்.

அண்ணனும் நானும் காஸ்ப்ளே செய்கிறோம். கவசமெல்லாம் எடுத்துப் போனால் விமானத்தில் கூடுதல் பெட்டிக்குக் கட்ட வேண்டியிருக்கிறதே?

வடிவமைக்கும்போதே பெட்டியின் அளவை நினைத்துச் செய்யுங்கள். ஃபோம் கவசத்தைத் துண்டு துண்டாகச் செய்து, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி அடுக்கி, உள்ளே காலுறைகளையும் சட்டைகளையும் திணித்துவிட்டால் நசுங்காது, இடமும் வீணாகாது. நீளக் கோலும் வாளும் மூன்றாகப் பிரியும்படி இருக்கட்டும். பசை, வெல்க்ரோ, ஊசி நூல், சேஃப்டி பின் எல்லாம் ஒரு சின்ன டப்பாவில். பசையும் கத்தரிக்கோலும் விமானத்தில் எதில் போகலாம் என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

நாலு நாளுக்கு நாலு உடை வேண்டாம். ஒரு நல்ல உடை, ஒரு எளிய உடை, ஒரு நாள் சாதாரண உடை. கவசத்தோடு பேனல் என்னும் மேடை உரையாடலில் உட்காரவும் முடியாது, ஆர்ட்டிஸ்ட் ஆலியில் நடக்கவும் முடியாது. விழாவின் ஆயுத விதிகளைப் படியுங்கள். போலித் துப்பாக்கி, உலோகம் எல்லாம் பல இடங்களில் வாசலிலேயே நின்றுவிடும். காமிகெட்டில் உடையை அணிந்துகொண்டு வரவும் கூடாது, அணிந்தபடி வீட்டுக்குப் போகவும் கூடாது. அங்கேயே கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டு சிறு குழந்தைகள். குடும்பத்தோடு போனால் கட்டுப்படியாகுமா?

ஒரே ஒரு நாள் என்றால் ஆகும். குழந்தை நுழைவு விதியை முதலில் பாருங்கள். சான் டியேகோவில் பெரியவர் பேட்ஜோடு வரும் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அட்லாண்டாவில் டிராகன் கான் சனிக்கிழமைக் காலை ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று யாரும் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு முழு விழா. மண்டபத்துக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுவர்களை இழுத்துப் போகாதீர்கள், பாவம்.

டிக்கெட்டே கிடைக்காவிட்டால் சும்மா ஊருக்காவது போய்வரலாமா?

பக்கத்தில் இருப்பவர் என்றால் போகலாம். சான் டியேகோவில் மண்டபத்துக்கு வெளியே தெருக்களிலும் பூங்காக்களிலும் பட நிறுவனங்கள் பெரிய அரங்குகள் அமைப்பார்கள். அவற்றில் பலவற்றுக்குப் பேட்ஜ் தேவையில்லை, சிலவற்றுக்கு இணையத்தில் முன்பதிவு வேண்டும். கடல் கடந்து இதற்காக மட்டும் போவது வேண்டாம்.

கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு வந்து அடைத்துக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். சரியா?

அடுத்த மாத பில்லில் முழுவதையும் அடைக்கப் பணம் ஏற்கெனவே வங்கியில் இருந்தால் சரி. இல்லையென்றால் வேண்டாம் தம்பி. விழா ஆண்டுதோறும் வரும். அதுவரை உங்களுக்கு எட்டுகிற ஒரு சின்ன விழாவுக்குப் போங்கள். ஒரே நாள், ஒரே மண்டபம், வீட்டிலிருந்தே போய்வரும் தூரம் போதும். பெரிய இடத்தில் அரை நிமிடம் பார்க்கக் கிடைக்கும் அதே ஓவியரோடு அங்கே கால் மணி நேரம் நின்று பேசலாம். எனக்குத் தெரிந்த நல்ல அறைத்தோழர்களெல்லாம் சின்ன விழாக்களில் அறிமுகமானவர்கள்தான்.

வாலண்டியராகப் போனால் டிக்கெட் இலவசம் என்கிறார்களே, உண்மையா?

பல விழாக்களில் உண்மை. சான் டியேகோவிலும் வாலண்டியர்களுக்கு பேட்ஜ் உண்டு. சில விழாக்களில் முதலில் கட்டணம் கட்டச் சொல்லி, குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்து முடித்த பிறகு திருப்பித் தருவார்கள். அப்படியென்றால் அந்தத் தொகை சில மாதம் உங்கள் கையில் இருக்காது என்பதைக் கணக்கில் வையுங்கள். அறையும் பயணமும் எப்படியும் உங்கள் செலவுதான்.

வேலை என்றால் வேலைதான். வரிசையை ஒழுங்குபடுத்துவது, பதிவு மேஜையில் உட்காருவது, பேனல் அறையில் தண்ணீர் வைப்பது. நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட நிகழ்ச்சியின் போதே வேறு மாடியில் நிற்கும்படி வரலாம். மணி நேரத்தைத் தேர்ந்தெடுக்க விட்டால் காலை முதல் ஷிஃப்ட்டைக் கேளுங்கள். அந்த நேரத்துக்குப் போட்டி குறைவு, முடித்துவிட்டால் நாள் முழுக்க உங்களுடையது. விண்ணப்பங்கள் விழாவுக்குப் பல மாதம் முன்பே திறந்து, இடம் நிறைந்ததும் மூடிவிடும். எனவே டிக்கெட் விற்பனைத் தேதியைக் குறித்துக்கொள்ளும் அன்றே வாலண்டியர் பக்கத்தையும் பார்த்து, அந்தத் தேதியையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.